சிவபாக்கியத்தின் இடப்பக்கம்

திருகோணமலைப் பக்கம் சல்லிக் கடற்கரையில் மீனை ஏலம் கூறி விற்கிற வேலை ஒரு பொம்பிளைக்குச் சரிவராது என்று சொன்னவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேருடைய மீனையும் சிவபாக்கியம் பத்தொன்பது வருடமாகக் கூறி விற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யார் சொன்னார்கள், எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம். சொல்லிக் காட்டியதில்லை. அவர்களுடைய மீனை நல்ல விலைக்கு ஏற்றி விட்டு, முகத்தை ஒருதரம் நேராகப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுடைய பழிவாங்கல்.

முதலில் அவளுடைய புருசன்தான் கூறிக்கொண்டிருந்தார். நெஞ்சு வருத்தத்தில் அவர் படுத்த முதல்நாள், இன்றைக்கு அவர் வரமாட்டார் என்று சொல்லத்தான் சிவபாக்கியம் கரைக்குப் போனாள். படங்கு விரித்து அதில் மீன் குவிந்து கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூற ஆளில்லாமல் சுற்றிவர நின்ற வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். அதற்குப் பிறகு மூடவேயில்லை என்று அவளுடைய தம்பி கதிரவேல் பகிடி பண்ணுவான். புருசன் போன பிறகும் அந்த இடத்தை அவள் ஒருவருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. இந்த ஐம்பத்தேழு வயதில் அவளுக்கென்று இருக்கிற ஒரே சொத்து, மீன் குவியலுக்குப் பின்னால் கால் பதித்து நிற்கிற அந்த நாலடி மணல்.

வெளியூர்க்காரர் இந்த ஏலத்தைப் பார்த்தால், இதில் தொண்டைக்குத்தான் வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் கண்ணுக்குத்தான் வேலை. சல்லியில் மீன் கேட்கிறவர்கள் வாய் திறப்பதில்லை. தான் கேட்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொருவரும் ஒரு குறி வைத்திருப்பார்கள். திருகோணமலை ரவுன் வியாபாரி யோகலிங்கம் காதுச்சோணையைத் தடவுவார். ஒருவர் புருவத்தைத் தூக்குவார், இன்னொருவர் சறத்தின் மடிப்பைத் தொடுவார். இறக்கக்கண்டியிலிருந்து தானே சின்னப் பட்டா லொறியை ஓட்டிக்கொண்டு வருகிற சுஹைரா, தோள்பை வாரைப் பிடித்த கையின் ஒரு விரலை மட்டும் நிமிர்த்துவாள். கூறுகிற ஆள் விலையை ஏற்றிக்கொண்டே போகும்போது, அரைவட்டமாக நிற்கும் இருபது பேரின் இந்தச் சின்னச் சின்ன அசைவுகளை ஒன்று விடாமல் பிடிக்க வேண்டும். ஒரு விரலைத் தவறவிட்டால் மீன் ஆள் மாறிப் போய்விடும்.

சிவபாக்கியத்துக்குத் தன் கண்ணில் அப்படியொரு நம்பிக்கை. புறாத்தீவுப் பக்கம் ஒரு புள்ளியாகத் தெரிகிற படகைப் பார்த்து, முன்பக்க அணியத்து நிறத்தை வைத்து இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். இந்தக் கரையில் கண் நல்லதா கெட்டதா என்பதற்கு அதுதான் சோதனை. தூரத்துப் படகைச் சொல்ல முடிந்தால் கண் நல்ல கண். நாலு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை நடந்தபோதும் அவள் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசித்தாள். தடுமாறிக்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த அறையில் கண் அமுக்கம் பார்க்க இருக்கச் சொன்னார்கள். "எழுத்தெல்லாம் தெரியுது. இனி உள்ளுக்க என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்று கேட்டுவிட்டு வரிசையை விட்டு எழும்பி வந்துவிட்டாள். கதிரவேலின் படகு கரைக்கு வருகிற நேரம் அது. தம்பியும் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த வருடம் சித்திரை பிறந்து, கடல் அடங்கி, படகுகள் நிறைய மீனோடு வரத் தொடங்கியபோது பிரச்சினையும் வந்தது. சுஹைரா விரலை நிமிர்த்திக்கொண்டு நிற்க, சிவபாக்கியம் கீரி மீனை யோகலிங்கத்துக்கு முடித்துக் கொடுத்தாள். ஒருநாள் என்றால் கைதவறல் என்று விடலாம். ஒரு மாதத்துக்குள் நாலுதரம். சுஹைராவுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னும் இரண்டு இறக்கக்கண்டிக்காரருக்கும் அப்படியே நடந்தது. அவர்கள் எப்போதும் சிவபாக்கியத்தின் இடப்பக்கம்தான் நிற்பார்கள். அவர்களுடைய வாகனங்கள் நிற்கும் ஒழுங்கைத் தெருவும் அந்தப் பக்கம்தான்.

"அக்கா, நீங்க எங்கட பக்கம் பாக்கிறதே இல்ல," என்றாள் சுஹைரா எல்லோருக்கும் முன்னால். "ரவுன் ஆக்களுக்கு ஒரு கண்ணு, எங்களுக்கு ஒரு கண்ணா?"

சிவபாக்கியத்துக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அவளை வாயாடி என்றிருக்கிறார்கள், திமிர் பிடித்தவள் என்றிருக்கிறார்கள். கள்ளி என்று ஒருவரும் சொன்னதில்லை. "நான் ஆற்றையும் முகம் பாத்துக் கூறுற ஆள் இல்லை. நீ நேரத்துக்குக் கையைத் தூக்காமல் பிராக்குப் பாத்துக்கொண்டு நிண்டால் நான் என்ன செய்யிறது?" என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு வாய்ச்சண்டையோடு போனது. ஆனால் கதை கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போய்விட்டது.

சங்கத் தலைவர் இராகுலன் நாற்பது வயதுக்காரர். பணிவாகப் பேசுவார். அந்தப் பணிவுதான் சிவபாக்கியத்துக்கு எரிச்சல். "அக்கா, நான் ஒண்டும் நம்பேல்லை. ஆனா முறைப்பாடு எழுத்தில வந்திருக்கு. இந்த மாசத்துக்குள்ள இது சரிவராட்டி, கூறுறதுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிக் கேக்கிறாங்கள்." அவ்வளவு மரியாதையாக ஒருவர் தன் காலடி மணலை உருவுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் காலை சுஹைரா ஒரு முடிவோடு வந்திருந்தாள். கீரி மீன் குவியல் ஏலத்துக்கு வந்தது. அவள் விரலை நிமிர்த்தினாள். சிவபாக்கியம் கூறிக்கொண்டே போனாள். சுஹைரா முழுக் கையையும் தூக்கினாள். சிவபாக்கியம் ஒருதரம் என்றாள். அப்போது சுஹைரா குனிந்து, பக்கத்துப் பெட்டியில் கிடந்த பெரிய பாரை மீன் ஒன்றை வாலில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். இதையும் பார்க்காத மாதிரிப் போகிறாளா என்று ஊரே பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம்.

சிவபாக்கியம் ரெண்டுதரம் என்றாள். யோகலிங்கத்தின் கை காதுச்சோணையிலேயே நின்றுவிட்டது. எல்லோருடைய முகமும் ஒரே பக்கம் திரும்பியிருப்பது அவளுக்குப் பிடிபட்டது. யாரோ வருகிறார்கள் போல என்று கழுத்தைத் திருப்பினாள். மூன்றடி தள்ளி, தலைக்கு மேல் மீனோடு, சட்டைக் கையில் மீன் தண்ணீர் வழிய சுஹைரா நின்றாள்.

"எவ்வளவு நேரமா இதை வச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

"நீங்க ஒருதரம் எண்டு சொன்னதில இருந்து."

யாராவது சிரித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. அவமானப்படுத்த வந்த சுஹைராவின் முகத்திலேயே ஈயாடவில்லை. மீனைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அக்கா, நேர கடலப் பாருங்க. தலயத் திருப்பாதீங்க. என்ட கை தெரியிற நேரம் சொல்லுங்க."

சுஹைரா இடக்காதுக்குப் பக்கத்திலிருந்து கையை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டு வந்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. சிவபாக்கியம் தெரியுது என்று சொன்னபோது அந்தக் கை ஏறக்குறைய அவளுடைய மூக்குக்கு நேரே வந்துவிட்டது.

"அவவுக்குக் கண்ணில ஒரு குறையும் இல்லை," என்று கதிரவேல் இடையில் விழுந்தான். "அக்கா, அந்தா வாற போட் ஆற்றை எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள். கதிரவேல் பெருமையோடு சுஹைராவைப் பார்த்தான்.

"அது நடுவுல தெரியிறது," என்றாள் சுஹைரா. "எங்கட வாப்பாவும் கடைசி மட்டும் ஊசில நூல் கோத்தவர்தான். பக்கம்தான் முதல்ல போச்சு. ஒண்டுல இடிப்பார், ஒண்டுல தடக்குவார், வயசு எண்டு விட்டுட்டம். டாக்டரிட்டக் கொண்டு போகக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. குளுக்கோமா எண்டாங்க."

சிவபாக்கியம் அன்றைக்கு எல்லோரையும் ஏசி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தபோதுதான், இந்த வருடத்தில் இடத்தோளில் விழுந்த அடிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மீன்வாடிக் கதவு, படகுக் கயிறு, சந்தியில் வந்த சைக்கிள்காரன். எல்லாம் இடப்பக்கம். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவளை இரண்டு பக்கத்தாலும் கட்டிப் போட்டிருந்தார்கள். கண் நல்லது என்றால் அவள் கள்ளி. கண் பழுது என்றால் வேலைக்கு உதவாதவள். எந்தப் பக்கம் போனாலும் அந்த நாலடி மணல் போகும். கள்ளி என்ற பேரோடு மட்டும் போகமாட்டேன் என்று முடிவெடுத்தாள். அதற்கு மூன்றாம் நாள் சுஹைராவின் பட்டா லொறியில் ஏறித் திருகோணமலை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனாள்.

நம்பர் துண்டு எடுத்து, நீள வாங்கில் குந்தியிருந்து, ஒன்பதரைக்கு உள்ளே போனாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியை இன்றைக்கும் வாசித்தாள். சுஹைராவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணில் மருந்து விட்டு, நீல வெளிச்சம் ஒன்றைக் கண்ணோடு முட்ட வைத்து அமுக்கம் பார்த்தார்கள். இடது முப்பத்தாறு, வலது இருபத்தொன்பது. இருபத்தொன்றுக்கு மேலே போகாமல் இருப்பது நல்லது என்று சொன்னார்கள். அவளுக்கு நோவு இல்லை, அரிப்பு இல்லை, எண்கள் மட்டும் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்கு முன்னால் இருத்தினார்கள். பஸ்மியா என்ற பிள்ளை அவளுடைய நாடியைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் கட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். நடுவில் உள்ள வெளிச்சத்தையே பார்க்க வேண்டும். சுற்றிவரச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வந்து வந்து மறையும். ஒவ்வொன்று தெரியும்போதும் பொத்தானை அமுக்க வேண்டும். சிவபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடமாக அவள் செய்கிற வேலை இதுதானே. நடுவில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சுற்றிவர அசைகிறதைப் பிடிப்பது.

வலது கண்ணில் கொஞ்சம் இழுபட்டது. இடது கண்ணில் நாலைந்து புள்ளிகள் வந்தன. பிறகு ஒன்றுமே வரவில்லை. அவள் பொத்தானில் பெருவிரலை வைத்தபடி காத்திருந்தாள்.

"பிள்ளை, உங்கட மிஷின் நிண்டு போச்சு. லைற் வரேல்லை."

"இல்ல அம்மா," என்றாள் பஸ்மியா மெதுவாக. "வந்துகொண்டுதான் இருக்குது. நீங்க நேர பாருங்க."

அவள் நேரே பார்த்தாள். இயந்திரம் உள்ளுக்குள் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எத்தனை விரல்கள் இப்படி நிமிர்ந்து நிமிர்ந்து மடங்கியிருக்கும் என்று நினைத்தாள்.

டொக்டர் இளம் பெண். இரண்டு கடதாசிகளை மேசையில் வைத்தார். இடது கண்ணுக்கான வட்டம் நடுவில் ஒரு சின்ன வெள்ளையைத் தவிர முழுக்கக் கறுப்பு. வலது கண் வட்டத்தில் மூக்குப் பக்கம் ஒரு கறுப்புத் துண்டு.

"அம்மா, கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு தண்ணி ஊறிக்கொண்டிருக்கும். அது வடிஞ்சு போறதுக்கும் வழி இருக்கு. அந்த வழி அடைபட்டால் அமுக்கம் ஏறும். கண்ணில இருந்து மூளைக்குப் போற நரம்பை அந்த அமுக்கம் நார் நாராச் சாகடிக்கும். ஓரத்தில தொடங்கித்தான் உள்ளுக்கு வரும். நோகாது. எழுத்து கடைசி மட்டும் தெரியும். அதால ஆக்கள் வரமாட்டினம்."

"ஒரு பக்கம் போனால் இருட்டாத் தெரியவேணுமே? எனக்கு அப்பிடித் தெரியேல்லை. அங்க மணல் தெரிஞ்சது, கடல் தெரிஞ்சது."

"ஒரு கண் விட்டதை மற்றக் கண் காட்டும். ரெண்டும் விட்டால் மூளை பக்கத்தில உள்ளதைப் போட்டு நிரப்பிப்போடும். நீங்கள் பாத்தது உங்கட மூளை நிரப்பின மணல்."

அப்படியென்றால் சுஹைரா நின்ற இடத்தில் அவள் மணலைப் பார்த்திருக்கிறாள். ஒரு மனுசியை அழித்துவிட்டு அந்த இடத்தில் மணலைப் போட்டிருக்கிறது இந்த வருத்தம். சிவபாக்கியத்துக்கு அந்த ஒன்றுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

"போனதைத் திருப்பித் தர ஏலாதோ?"

"ஏலாது, அம்மா. போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஒவ்வொரு நாளும் மருந்து விடவேணும். ஒருநாளும் நிப்பாட்டக் கூடாது. சொன்ன திகதிக்குக் கிளினிக் வரவேணும். மருந்துக்கு அடங்காட்டி லேசர் இருக்கு, சத்திரசிகிச்சை இருக்கு. நாலைஞ்சு வருசம் முன்னுக்கு வந்திருந்தால் இவ்வளவும் போயிருக்காது."

நாலு வருடத்துக்கு முன் வரிசையை விட்டு எழும்பி வந்தது அவளுக்கு முன்னால் வந்து நின்றது. யாரை ஏச முடியும்? தன்னைத்தான். டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார், "கூடப் பிறந்த ஆக்கள் இருக்கினமோ? இது பரம்பரையா வாற வருத்தம். நாப்பது தாண்டின எல்லாரும் பாக்கவேணும். உங்கட ரத்தம் எண்டால் கட்டாயம் பாக்கவேணும்."

"ஒரு தம்பி," என்றாள் சிவபாக்கியம்.

தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதிரவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது, கடலில் எஞ்சினைப் பிடித்தால் ராசா. "உனக்கு வந்தால் எனக்கும் வரவேணுமோ? என்ர கண் நல்லாத்தான் இருக்கு" என்றான். அவளுடைய பழைய வாயிலிருந்து வந்த அதே கதை. அவளுக்கு அவனுடைய கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. இரண்டு நாள் கெஞ்சினாள். கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை, அவனுக்குக் கேட்டும் பழக்கமில்லை.

டொக்டர் எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பியின் செய்தி சங்கத்துக்குப் போனதும் இராகுலனே வீட்டுக்கு வந்தார். பணிவோடுதான் வந்தார். "அக்கா, உங்கட பேரில ஒரு களங்கமும் இல்லை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி நீங்கள் ஆறுதலா இருக்கலாம். சங்கம் ஒரு விழா வச்சு, பொன்னாடை போத்தி..."

"பொன்னாடையைக் கொண்டுபோய் மீனுக்குப் போத்துங்கோ. வெயிலுக்கு நல்லம்."

"அக்கா, கண் தெரியாமல் எப்பிடிக் கூறுறது?"

"தெரியிற அளவுக்குக் கூறுவன். என்ர நடு நல்லா இருக்கு, வலம் இருக்கு. ஒரு பக்கம்தான் இல்லை. அந்தப் பக்கத்தில ஆக்களை ஏன் நிப்பாட்டுவான்?"

மறுநாளே கரைக்குப் போய்ச் செய்து காட்டினாள். இழுத்து வைத்திருந்த ஒரு பழைய பைபர் படகின் ஓரத்தோடு இடத்தோள் முட்ட நின்றாள். இனி இடப்பக்கம் நிற்க ஒருவருக்கும் இடமில்லை. படங்கை முன்னுக்கு விரிக்கச் சொன்னாள். இருபது பேரையும் தனக்கு நேரேயும் வலத்தேயும் கிட்டக் கிட்ட நிற்கச் சொன்னாள். விலை ஒவ்வொருதரம் ஏறும்போதும் தலையை முழுக்கத் திருப்பி எல்லோரையும் பார்ப்பேன், பார்த்து முடியாமல் ரெண்டுதரம் சொல்லமாட்டேன் என்றாள். "இறக்கக்கண்டி ஆக்கள் முதல் வரிசையில வாங்கோ," என்றாள். "ஒரு மாசம் உங்களைக் காணாமல் விட்டனான். வேணுமெண்டு இல்லை. எண்டாலும் பிழை என்ர." கூட்டத்துக்கு முன்னால் அவள் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்தரம். யோகலிங்கம் மட்டும் புதிய இடத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று முணுமுணுத்தார். தொப்பி போட்டுக்கொண்டு வாங்கோ என்றாள்.

இராகுலன் ஒரு கிழமை தவணை கொடுத்தார். ஒரு முறைப்பாடும் வரக்கூடாது. வந்த ஒழுங்கில் எல்லாப் படகுக்கும் கூற வேண்டும், ஒருவருடைய மீனையும் தள்ளி வைக்கக்கூடாது. ஒன்று பிழைத்தாலும் வேறு ஆள். அவள் ஓம் என்றாள்.

ஆறு நாள் ஒரு விரலும் தப்பவில்லை. காலையில் கரைக்கு வந்ததும் எல்லோரும் பார்க்கப் படகு விளிம்பில் இருந்து, தலையை அண்ணாந்து, கண் மடலை இழுத்து மருந்தை விட்டு, மூக்கோரத்தை விரலால் அமுக்கிக்கொண்டு இருப்பாள். வீட்டில் ஒளித்து விட்டுவிட்டு வரலாம். அவள் ஒளிக்க விரும்பவில்லை. "இது எனக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை," என்பாள் வெறித்துப் பார்க்கிறவர்களிடம். "நாப்பது தாண்டின ஆக்கள் ஏன் நிக்கிறியள்? போய்க் கண்ணைக் காட்டுங்கோ." இரண்டு மூன்று பேர் போயும் வந்தார்கள். கதிரவேல் போகவில்லை.

ஏழாம் நாள் முதலில் வந்தது கதிரவேலின் படகு. அந்தப் பருவத்திலேயே நல்ல மீன், அறுக்குளா. ஒவ்வொன்றும் கை நீளம். படங்கில் கொட்டினார்கள். வியாபாரிகள் நெருங்கி வந்தார்கள். சிவபாக்கியம் மீனைப் பார்க்கவில்லை. தம்பி படகிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணலில் இறுக்கிக் கட்டியிருந்த நங்கூரக் கயிறு அவனுடைய இடக்காலில் தடக்கியது. கையை ஊன்றி எழும்பினான். மணலைத் தட்டிக்கொண்டு, கயிறைக் கட்டினவனை ஏசினான். கடற்கரையில் ஆயிரம் பேர் ஆயிரம் கயிறில் தடக்குவார்கள். ஆனால் சிவபாக்கியத்துக்கு அந்த இடக்கால்தான் கண்ணில் நின்றது.

"உன்ர கிளினிக் கொப்பி எங்க?" என்றாள்.

"கூறு, அக்கா. வெயில் ஏறுது."

"கொப்பி இல்லாமல் உன்ர மீனைக் கூறமாட்டன். அடுத்த போட் மீனைக் கொண்டு வாங்கோ."

கூட்டம் திகைத்தது. இராகுலன் ஓடி வந்தார். "அக்கா, ஒரு போட்டையும் தள்ளி வைக்க ஏலாது எண்டுதானே கதை. இண்டைக்குக் கடைசி நாள். வீட்டுச் சண்டையை மீனில காட்டாதேங்கோ. பிறகு நான் ஒண்டும் செய்ய ஏலாது."

"தெரியும், தம்பி. இந்த இடம் போகும். போகட்டும்." அவள் காலடி மணலைப் பார்த்தாள். "பத்தொன்பது வருசமா நிண்ட இடம். இதைவிட எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா இவன்ர கண் போறதைப் பாத்துக்கொண்டு இதில நிண்டு கூற எனக்கு ஏலாது."

கதிரவேலுக்கு முகம் சிவந்தது. இருபது பேருக்கு முன்னால், சொல்லக் கூடாததைச் சொன்னான். "குருடி நீ எனக்குக் கண்ணைப் பற்றிக் கதைக்கிறியோ?"

"ஓம். பாதிக் குருடி. நாலு வருசத்துக்கு முன்னம் நானும் உன்னை மாதிரித்தான் கதைச்சனான். அதாலதான் பாதிக் குருடி. போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா."

இராகுலன் வேறு வழியில்லாமல் தானே குவியலுக்குப் பின்னால் வந்து நின்று கூறத் தொடங்கினார். விலையைச் சொன்னார், ஏற்றினார், ஒருதரம் என்றார். அவருடைய கண் இரண்டும் நல்ல கண். ஒரு விரலும் அசையவில்லை. சுஹைரா தோள்பை வாரிலிருந்து கையை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். இராகுலன் யோகலிங்கத்தைப் பார்த்தார். யோகலிங்கம் தொப்பியைக் கழற்றி, காதைத் தொடாமல், அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்தார். "அக்கா கூறட்டும், கேக்கிறன்," என்றார்.

அறுக்குளாவின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கதிரவேல் மீனைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கடைசியாக அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைக்கவில்லை. தண்ணீர் வழிய வழிய அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் படகுக்குப் போய், அணியத்தில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான்.

"ஆரோட போறது?" என்று கேட்டான்.

"என்னோட வாங்க," என்றாள் சுஹைரா. "முதல்ல மீன் எடுக்க விடுங்க."

இராகுலன் குவியலை விட்டு ஒதுங்கினார். விலகிப் போகிற போதும் பணிவாகத்தான் போனார். சிவபாக்கியம் இடத்தோளைப் படகோடு முட்ட வைத்து, கால்களைப் பதித்து நின்று, தம்பியின் மீனைக் கூறத் தொடங்கினாள்.

கதிரவேலின் கண் அமுக்கம் இரண்டிலும் முப்பதுக்கு மேல் இருந்தது. அடுத்த கிழமை வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால் இருந்துவிட்டு வந்து, இரண்டு கடதாசியையும் கரையில் வைத்து அக்காவிடம் நீட்டினான். இரண்டு வட்டமும் வெள்ளை. நரம்பு கரையத் தொடங்க முதலே வந்திருக்கிறான், மருந்தை ஒழுங்காக விட்டால் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொன்னாராம். அன்றைக்கு அவன் கயிறில் தடக்கியது வெறும் அவசரத்தில். அவள் அந்த வெள்ளை வட்டங்களைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஒரு மூலை விடாமல், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னுடைய கறுப்புக் கடதாசிக்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

"மருந்து விட்டனியோ இண்டைக்கு?" என்று கேட்டாள்.

"விட்டனான்."

"பொய் சொன்னால் உன்ர மீன் இந்த மணலிலதான் கிடக்கும்," என்று சொல்லிக் கடதாசியை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த படகுக்காரரைக் கூப்பிட்டாள்.